ஸ்டார்டியூ வேலியா, கிரேவ்யார்ட் கீப்பரா: முதலில் எதை வாங்குவது?

கேள்வி இதுதான். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் விளையாடக் கிடைக்கும். லேப்டாப் பழையது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கடிகாரம் துரத்துகிற கேம் பிடிக்காது. ஸ்டார்டியூ வேலியும் கிரேவ்யார்ட் கீப்பரும் ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றுபோலவே இருக்கின்றன: மேலிருந்து பார்க்கிற பிக்சல் படம், ஒரு தோட்டம், இறங்கிச் சண்டை போட ஒரு நிலவறை, பேச்சுக் கொடுக்கச் சில ஊர்க்காரர்கள். இரண்டில் எது? அவ்வப்போது தம்பியும் சேர்ந்து ஆட முடியுமா?

நேரடியான பதில்: ஸ்டார்டியூ வேலியை வாங்குங்கள். "கடிகாரம் பிடிக்காது" என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தால் கிரேவ்யார்ட் கீப்பர்தான் பொருத்தம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் அதைவிட முக்கியமான வரி "ஒரு மணி நேரம்" என்பது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுகிறவருக்கு நேரம் போதாமல் போவதைவிடப் பெரிய தொல்லை, நேற்று எதை எதற்காகச் செய்துகொண்டிருந்தோம் என்பது மறந்துபோவது. அந்த இடத்தில்தான் இந்த இரண்டு கேம்களும் எதிரெதிராக நிற்கின்றன.

ஸ்டார்டியூ 2016 பிப்ரவரியில் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள், கன்சர்ன்டுஏப் என்ற பெயரில், நிரல், படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தானே செய்தார். கிரேவ்யார்ட் கீப்பர் லேஸி பேர் கேம்ஸ் என்ற குழு செய்து டைனிபில்ட் வெளியிட்டது, 2018 ஆகஸ்டில். இரண்டாவதைப் பலர் "இருட்டான ஸ்டார்டியூ" என்று அறிமுகம் செய்வதால்தான் குழப்பமே வருகிறது. தோற்றம் அப்படி இருக்கலாம். ஆட்டத்தின் எலும்பு வேறு.

ஸ்டார்டியூவில் தாத்தா விட்டுச்சென்ற பண்ணையை நடத்துகிறீர்கள். அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது நாட்காட்டி. நாள் காலை 6 மணிக்குத் தொடங்கும், இரவு 2 மணிக்கு நீங்கள் எங்கே நின்றாலும் மயங்கி விழுவீர்கள். நிஜ நேரத்தில் அது 14 நிமிஷத்துக்குச் சற்று மேல். பருவத்துக்கு 28 நாள், ஆண்டுக்கு நான்கு பருவம். பருவம் மாறிய காலையில், அடுத்த பருவத்துக்கு ஒத்துவராத பயிர் எல்லாம் காய்ந்து கிடக்கும். கேட்கப் பதற்றமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் என்பது தானே முழுமையான ஒரு துண்டு. எழுந்து தண்ணீர் ஊற்றினீர்கள், சுரங்கத்தில் ஐந்து தளம் இறங்கினீர்கள், வந்து படுத்தீர்கள், சேவ் ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் நான்கு நாள் போகும். மறுநாள் திறக்கும்போது விளைந்தது கண்ணெதிரே நிற்கும், என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை.

கிரேவ்யார்ட் கீப்பரில் நீங்கள் ஓர் இடுகாட்டுக் காவலர். இரவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விழித்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் தூங்கலாம். பருவம் கிடையாது, பயிருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எதுவும் வாடாது. அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது சங்கிலி. ஒன்றைச் செய்ய இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று. ஆரம்பக் கட்டத்திலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். சர்ச் திறக்க வேண்டுமென்றால் இடுகாட்டின் மதிப்பு 5 ஆக உயர வேண்டும். அதற்குப் பழைய கல்லறைகளைச் சரிசெய்து சிலுவையும் வேலியும் வைக்க வேண்டும். சர்ச் திறந்தால் பிரசங்கம் செய்யலாம், அதுவும் வாரத்தில் ஒரே நாள். பிரசங்கம் செய்தால் பக்திப் புள்ளி கிடைக்கும். ஆய்வு மேசையில் ஒரு பொருளைப் படித்தறிய அந்தப் பக்தியும் வேண்டும், அறிவியல் புள்ளியும் வேண்டும். அறிவியலுக்குக் காகிதம் வேண்டும். அப்படிப் படித்தால்தான் நீலப் புள்ளி தேறும். புது நுட்பங்களைப் புள்ளி கொடுத்துத் திறக்கும் டெக் ட்ரீயில் மேல்வரிசைக் கட்டங்களில் பெரும்பாலானவை அந்த நீலப் புள்ளியைக் கேட்கும். சிவப்பு உடலுழைப்பிலும் பச்சை தோட்டம், செடி கொடி வேலையிலும் தானாகச் சேர்ந்துவிடும். நீலம்தான் எல்லாரையும் நிறுத்தி வைக்கும்.

இந்தச் சங்கிலியை ஒரே அமர்வில் மூன்று நான்கு மணி நேரம் பிடித்து இழுப்பவருக்கு அது பேரின்பம். ஒரு கண்ணி விலகினால் பின்னால் நான்கு கண்ணி சடசடவென்று விலகும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால், சூளைப் பக்கம் நின்றுகொண்டு "இந்த இரும்பை எதற்குக் காய்ச்சினோம்" என்று கேட்டுக்கொள்வீர்கள். கேம் தருகிற பணிப் பட்டியல் கடைசிக் குறிக்கோளைச் சொல்லும், நடுவில் உள்ள ஆறு படியைச் சொல்லாது. வாங்குவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தும் முன் அடுத்த இரண்டு வேலையை எழுதிவைத்துவிட்டு மூடுங்கள்.

அந்த ஊரில் வாரத்துக்கு ஆறு நாள். ஏழு பாவங்களில் ஆறின் பெயர் அந்த நாட்களுக்கு. முக்கியமான ஆறு பேர் ஆளுக்கொரு நாளில் மட்டும் வருவார்கள்: சோம்பல் நாளில் ஜோதிடர், கர்வ நாளில் எபிஸ்கோப் என்ற பிஷப், காம நாளில் மிஸ் சார்ம், பெருந்தீனி நாளில் வணிகர், பொறாமை நாளில் ஸ்நேக், கோப நாளில் மதத் துரோகிகளை விசாரிக்கும் இன்க்விசிட்டர். ஒரு நாள் நிஜ நேரத்தில் சுமார் ஏழரை நிமிஷம். ஆக, ஒருவரைத் தவறவிட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிகாரம் இல்லை என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது. உங்கள் ஓர் இரவில் முக்கால் பங்கு அந்த ஒரு வாரத்துக்கே போய்விடும். தவறியவரைப் பிடிப்பது பெரும்பாலும் நாளை இரவுக்குத்தான்.

ஸ்டார்டியூவின் கடிகாரத்துக்கு வருகிறேன். அது கடுமையாகத் தோன்றுவதற்குக் காரணம், முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஆடுகிறவர் நினைப்பது. தவறவிட்டால் திரும்பவே வராதது என்று அதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. பருவம் மீண்டும் வரும், மீன் மீண்டும் வரும், திருவிழா மீண்டும் வரும். மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து மதிப்பீடு செய்யும், அதுகூட ஒரு வைரம் வைத்தால் மறுபடி நடக்கும். தனியாக ஆடும்போது பையையோ மெனுவையோ திறந்தால் கடிகாரம் நின்றுவிடும். அப்படியும் நெருக்குகிறது என்றால், கணினியில் ஸ்மாபி என்ற மோட் கருவியை (மோட் என்பது ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) போட்டு டைம்ஸ்பீடு மோடைச் சேர்த்தால் நாளை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். முதல் பருவத்தை மோட் இல்லாமல் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாள் நீண்டால் உடல் சக்தி முதலில் தீர்ந்துபோய், மீதி நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். சக்தியும் கடிகாரமும் ஒன்றுக்கொன்று அளந்து வைக்கப்பட்டவை.

அந்த அளவைப் புரிந்துகொள்ள முதல் வசந்தத்தைப் பாருங்கள். கையில் 500 கோல்டு (கேமின் பணம்), 15 பார்ஸ்னிப் கிழங்கு விதை, 270 சக்தி. மண்ணைக் கொத்த 2, தண்ணீர் ஊற்ற 2. நாற்பது கட்டம் நட்டால் தினமும் 80 சக்தி தண்ணீருக்கே போய்விடும். ஐந்தாம் நாள் சுரங்கம் திறக்கும்போது கையில் தெம்பு இருக்காது. புதியவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். தெளிப்பான் வரும்வரை முப்பது கட்டத்தைத் தாண்டாதீர்கள். விவசாய நிலை 2-ல் கிடைக்கும் சாதாரணத் தெளிப்பான் நான்கு கட்டம்தான் நனைக்கும், அதற்கு உலோகத்தை வீணாக்க வேண்டாம். நிலை 6-ல் வரும் தரமான தெளிப்பான் சுற்றியுள்ள எட்டையும் நனைக்கும். அதற்கு வேண்டியது ஓர் இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ். சுரங்கத்தில் இரும்பு 40-ம் தளத்திலும் தங்கம் 80-ம் தளத்திலும் தொடங்கும். ஐந்து தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிறுத்தம் உண்டு. எனவே "இன்று ஐந்து தளம்" என்பது ஓர் இரவுக்குச் சரியான இலக்கு.

வசந்தம் 13-ம் தேதி முட்டைத் திருவிழாவில் ஸ்ட்ராபெரி விதை 100 கோல்டுக்கு விற்கும். திருவிழா முடிந்து வீடு திரும்பும்போது இரவு 10 மணி ஆகிவிடும் என்பதால், அன்றிரவே நட்டாக வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஸ்ட்ராபெரி 8 நாளில் காய்க்கும், பிறகு 4 நாளுக்கு ஒருமுறை. 13-ல் நட்டால் 21, 25. 16-ல் நட்டாலும் 24, 28. இரண்டுமே இரண்டு அறுவடைதான். ஒரு பழம் குறைந்தபட்சம் 120 கோல்டு, ஆக 100 போட்டால் 240. பதினேழாம் தேதிக்குத் தள்ளினால் ஓர் அறுவடைதான் மிஞ்சும். மிச்ச விதையைப் பெட்டியில் வைத்து அடுத்த வசந்தத்தின் முதல் நாளில் நட்டால் ஐந்து அறுவடை. இந்த ஒரு பயிரைப் புரிந்துகொண்டால் மற்ற பயிருக்கும் இதே முறைதான்: 28-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

தண்ணீர்க் குவளையைத் தரம் உயர்த்தக் கொல்லன் கிளின்ட்டிடம் கொடுத்தால் இரண்டு நாள் ஆகும். செம்புத் தரத்துக்கு 2,000 கோல்டும் 5 செம்புக் கட்டியும். டிவியில் "நாளை மழை" என்று சொன்னால், அன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொடுங்கள். மறுநாள் மழை பார்த்துக்கொள்ளும், அதற்கு மறுநாள் காலை குவளை கையில். மற்ற நாளில் கொடுத்தால் பயிர் சாகாது, வளர்ச்சி ஒரு நாள் நின்றுபோகும், பருவக் கடைசியில் அதுவே ஓர் அறுவடையைத் தின்றுவிடும். விதை விற்கும் பியேர் கடை புதன்கிழமை மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பயிர் 15-க்கு மேல் போனால் காக்கை வரும், சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று அவசியம். மீன்பிடி ஆரம்பத்தில் கைக்கு வசப்படாது. மீன்கடை வில்லியிடம் 25 கோல்டுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும். மீனை உள்ளே வைத்திருக்க வேண்டிய பச்சைப் பட்டை பெரிதாக இருக்கும், சாதாரண மீன் மட்டும் விழும், பழகுவதற்கு அது போதும்.

புது ஆட்டம் தொடங்கும்போது, கூடுதல் அமைப்புகளில் சமூகக் கூடத்தின் பொருட்கட்டுகளை (பாழடைந்த அந்தக் கூடத்தைச் சரிசெய்யச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய பொருட்களின் பட்டியல்) மாற்றும் வசதி இருக்கும். முதல்முறை வழக்கமானதையே வையுங்கள். அதற்குக் கீழேயே "முதல் ஆண்டிலேயே முடிக்க உத்தரவாதம்" என்ற தேர்வு உண்டு. அதை இயக்கினால் சிவப்பு முட்டைக்கோஸ் முதல் ஆண்டிலேயே கிடைக்க வழி இருக்கும். இயக்காவிட்டால் பியேர் அந்த விதையை இரண்டாம் ஆண்டில்தான் விற்பார், அல்லது ஊருக்கு வரும் நாடோடி வணிகர் வண்டியில் அதிர்ஷ்டத்துக்கு மாட்ட வேண்டும். பொருள் சேகரிப்பதே பிடிக்காதவர் 5,000 கோல்டு கட்டி ஜோஜா என்ற பெருநிறுவனக் கடையில் உறுப்பினராகி, மொத்தமாக இன்னும் 1,35,000 கோல்டு கொடுத்து எல்லாவற்றையும் பணத்தால் சரிசெய்யலாம். முதல் ஆட்டத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு அறை, முப்பது கட்டு என்கிற அந்தச் சேகரிப்புதான் உங்களை மீனுக்கும் காட்டுக்கும் சுரங்கத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பும் கை. அதை எடுத்துவிட்டால் நட்டு விற்பது மட்டும்தான் மிஞ்சும்.

மனிதர்கள் விஷயத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஸ்டார்டியூவில் ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள், விருப்பு வெறுப்பு, தனிக்கதை உண்டு. குடியில் மூழ்கிய ஷேன், போரிலிருந்து திரும்பும் கென்ட் என்று மென்மையான படத்துக்குள் கனமான விஷயங்களும் வரும். ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். மணம் செய்துகொள்ளத் தகுதியானவர் பன்னிரண்டு பேர். கிரேவ்யார்ட் கீப்பரில் காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை. அங்குள்ளவர்கள் உங்களுக்குப் பணி கொடுப்பவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பணிகளின் கறுப்பு நகைச்சுவை வேறெங்கும் கிடைக்காது. காரில் அடிபட்ட ஒருவன் இடைக்காலம் போன்ற ஓர் உலகில் இடுகாட்டுக் காவலனாக விழித்தெழுகிறான், வீடு திரும்ப வழி தேடுகிறான். கம்யூனிசம் பேசும் கழுதை சடலங்களைக் கொண்டுவந்து போடும், ஜெர்ரி என்ற பேசும் மண்டையோடு வழிகாட்டும். சடலத்தின் சதையை மதுக்கடைக்கு விற்கலாம், இறந்தவர்களை ஆற்றில் தள்ளிவிடலாம், கேம் கண்டிக்காது. இதைப் படிக்கும்போதே முகம் சுளித்தால் வாங்க வேண்டாம். முகம் மலர்ந்தால் அது உங்கள் கேம்தான், இரண்டாவதாக வாங்குங்கள்.

அப்படி வாங்கினால் நான்கைந்து விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சடலத்துக்கும் வெள்ளை மண்டையோடு, சிவப்பு மண்டையோடு என்று குறிகள் இருக்கும். கல்லறைக்கு எவ்வளவு அழகான கல் வைத்தாலும் உள்ளே கிடப்பவரின் வெள்ளைக் குறிக்கு மேல் மதிப்பு ஏறாது. சிவப்பு அதிலிருந்து கழியும். ஆகவே பளிங்குக் கல்லை மட்டமான சடலத்தின்மேல் வைப்பது வீண். ரத்தமும் கொழுப்பும் எடுக்கும் நுட்பத்தை டெக் ட்ரீயில் சீக்கிரம் திறந்து, வரும் சடலங்களில் அவற்றை நீக்கினால் சிவப்பு குறையும். இதயம், மூளை, குடல் ஆகியவற்றின் குறி சடலத்துக்குச் சடலம் மாறும், ஆரம்பத்தில் தொடாதீர்கள். சடலம் கிடக்கக் கிடக்க அழுகும், எனவே வந்ததும் அறுத்துப் புதைத்துவிடுங்கள். ஒவ்வொரு புதைப்புக்கும் கிடைக்கும் சான்றிதழை மதுக்கடைக்காரர் ஹொராட்ரிக்கிடம் விற்பதுதான் தொடக்க வருமானம். கொஞ்ச நாளில் கழுதை வேலைநிறுத்தம் செய்யும், கேரட் கேட்கும். அதற்கு முன்பே ஒரு பாத்தி கேரட் போட்டு வையுங்கள், இல்லையேல் சடலம் வருவது நின்றுவிடும்.

இன்னொன்று, நடை. வரைபடம் பெரிது, கால் மெதுவு. மரக்கட்டை, கல், இரும்புத் தாது மூன்றும் பைக்குள் போகாது, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் வைத்த பொருள் அதே வட்டாரத்தில் உள்ள வேலைமேடைகளுக்கு மட்டும் எட்டும். வீட்டு முற்றத்துப் பெட்டியில் ஆணி இருக்கும், இடுகாட்டில் அது பயன்படாது. திரும்பத் திரும்ப நடப்பதில்தான் முதல் பத்து மணி நேரம் கரைகிறது. ஆகவே ஹொராட்ரிக் விற்கும் தொலைப்பயணக் கல்லை முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணியும் எளிய இரும்புப் பாகங்களும் ஆரம்பத்தில் கொல்லன் கிரெஸ்வோல்டிடம் சிலவற்றை விலைக்கு வாங்கினால் சங்கிலியில் இரண்டு கண்ணி மிச்சம்.

பிரேக்கிங் டெட் என்ற இலவசச் சேர்க்கை, எழுப்பிய சடலங்களை வேலையாட்களாக மாற்றித் தருகிறது. மரம் வெட்டுவது, கல் உடைப்பது, சுமப்பது எல்லாம் அவர்கள் தலையில் ஏற்றிவிடலாம். அலுப்பு பாதியாகக் குறையும், கட்டாயம் போடுங்கள். விலை கொடுத்து வாங்கும் மற்ற மூன்றையும், ஸ்ட்ரேஞ்சர் சின்ஸ், கேம் ஆஃப் க்ரோன், பெட்டர் சேவ் சோல், முதலிலேயே சேர்க்காதீர்கள். அவற்றின் பணிகள் மூலக்கதையோடு கலந்து பட்டியலை இன்னும் அடர்த்தியாக்கும். மூலக்கதை 40 மணி நேரத்துக்கு மேல் போகும், திட்டவட்டமான முடிவும் உண்டு. முடிவு உள்ள கேம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டார்டியூவைவிட அது திருப்தி தரும். ஸ்டார்டியூ உங்களுக்குப் போதும் என்று தோன்றும்போதுதான் முடியும்.

லேப்டாப் பற்றி: ஸ்டார்டியூவுக்கு 2 ஜிபி ரேமும் 500 எம்பி இடமும் போதும், உள்ளிணைந்த கிராபிக்ஸிலேயே தடையின்றி ஓடும். கிரேவ்யார்ட் கீப்பர் பிக்சல் படமாக இருந்தாலும் ஒளி, நிழல், மூடுபனி விளைவுகள் உள்ளதால் கூடுதல் பலம் கேட்கும். பழைய கணினியில் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் ஸ்டார்டியூவில் ஏழெட்டு நாள். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். கிரேவ்யார்ட் கீப்பரின் உண்மையான குணம் சர்ச் திறந்த பிறகுதான் தெரியும், அதற்குள் அவகாசம் தீர்ந்துவிடலாம். அங்கே ஓடுகிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை மட்டும் சோதியுங்கள்.

தம்பியோடு ஆட ஸ்டார்டியூ மட்டும்தான் வழி. மற்றது ஒற்றையாள் ஆட்டம். ஒரே பண்ணையில் அவருக்கு ஒரு குடில் கட்டிக்கொடுத்தால் சேர்ந்துகொள்ளலாம், 1.5 பதிப்பு முதல் ஒரே திரையைப் பிரித்தும் ஆடலாம். அதற்கு ஒரு கண்ட்ரோலராவது வேண்டும். கவனிக்க வேண்டியது: இருவர் ஆடும்போது ஒருவர் மட்டும் மெனு திறந்தால் கடிகாரம் நிற்காது, நாள் முடிய இருவரும் படுத்தாக வேண்டும், சேமிப்பு பண்ணையைத் தொடங்கியவர் கணினியில் இருக்கும். நீங்கள் இல்லாதபோது அவர் அந்தப் பண்ணையைத் திறக்க முடியாது. ஆகவே உங்களுக்கென்று தனிப் பண்ணை ஒன்று, சேர்ந்து ஆட வேறொன்று என்று முதல் நாளிலேயே இரண்டாகத் தொடங்கிவிடுங்கள். சேர்ந்து ஆடும் பண்ணையில் தண்ணீர் ஊற்றுவது ஒருவர், சுரங்கம் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், முதல் வசந்தத்திலேயே இரும்புத் தளம் வரை எட்டிவிடலாம்.